வாடைக்குக் கட்டிவைத்த படகுக்குக் கரண்ட்: 230 வோல்ற் வாடிச் சுவரோடு நிற்கட்டும்

வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கொக்கிளாய், நாயாறு, அலம்பில், சிலாவத்தை, மாத்தளன் என்று முல்லைத்தீவுக் கரை முழுக்கப் படகுகள் ஏறிவிடும். மன்னார் வளைகுடாப் பக்கம், அரிப்பு, சிலாவத்துறை போன்ற இடங்களில் சோளகம் என்ற தென்மேல் காற்றுத்தான் கடலைக் குழப்பும். எந்தக் காற்றானாலும் படகு இரண்டு மூன்று மாதம் சும்மா கிடக்கப்போகிறது. சும்மா கிடக்கும்போது முதலில் சாகிறது பற்றரி.

முதலில் ஒரு கேள்வி: உங்கள் படகுக்குக் கரண்ட் வேணுமா? படகைக் கரையில் ஏற்றி, அடியிலுள்ள தண்ணீர்த் தக்கையைக் கழற்றி, அணியத்தை (முன்பக்கத்தை) கொஞ்சம் உயர்த்திவைத்திருந்தால் மழை எவ்வளவு பெய்தாலும் தானாக வடிந்துவிடும். அப்படியான படகுக்கு வயர் இழுப்பது வீண் செலவு. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் வேலை முடிந்தது.

கரண்ட் தேவைப்படுவது, களப்புக்குள் மிதக்கவிட்டே கட்டிவைக்கும் படகுக்கும், உள்ளிணைப்பு இயந்திரம் உள்ள பெரிய படகுக்கும்தான். காரணம் மழை. 18 அடி பைபர் படகின் திறந்த பரப்பு ஏறக்குறைய 7 சதுர மீற்றர் வரும். ஒரு இரவில் 100 மி.மீ. மழை பெய்தால் உள்ளே விழுவது 700 லீற்றர். எடையில் 700 கிலோ, அதாவது பதினான்கு சீமெந்துப் பை. புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது போன்ற ஒரு நாளில், தண்ணீர் இறைக்க ஆள் போகவும் முடியாது. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் தானாக ஓடவேண்டும். அதற்குப் பற்றரி உயிரோடு இருக்கவேண்டும்.

பம்புக்கு வேண்டியது பற்றரியின் 12 வோல்ற்தான். ஆகவே 230 வோல்ற் வயரை நேரே படகுக்குள் கொண்டுபோவது தேவையில்லாத ஆபத்து. சார்ஜர் வாடிச் சுவரில், அதாவது கரையிலுள்ள தொழில் கொட்டிலின் சுவரில், இருக்கட்டும். படகுக்குப் போவது 12 வோல்ற் மட்டும். சார்ஜர் பற்றரிக்கு, பற்றரி பம்புக்கு. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில்தான் ஷொக் கூட என்று நினைப்பது பிழை. உப்புத் தண்ணீர் ஆளின் உடம்பைவிட நன்றாகக் கரண்டைக் கடத்தும்; ஆகவே கசியும் கரண்டின் பெரும்பங்கு ஆளைச் சுற்றித் தண்ணீர் வழியாகவே போய்விடும். நல்ல தண்ணீரில் உடம்புதான் சுலபமான வழி. பத்து மில்லி அம்பியர் அளவே தசையைப் பிடித்து நீந்தவிடாமல் செய்துவிடும். மழை வெள்ளம் இறங்கி நந்திக்கடலும் நாயாற்றுக் களப்பும் கொக்கிளாய்க் களப்பும் உப்புக் குறைந்து கிடக்கும் மாதங்கள் எவை? நாங்கள் படகைக் கட்டிவைக்கும் அதே மாதங்கள்தான்.

எவ்வளவு சார்ஜ் தேவை

500 கலன் பம்ப் என்று பெட்டியில் எழுதியிருப்பது மணிக்கு 1,890 லீற்றர். அது தண்ணீரை உயர்த்தாமல் அளந்த கணக்கு. குழாய் வளைந்து படகின் விளிம்புக்கு மேலே ஏறும்போது பாதிதான் கிடைக்கும் என்று வையுங்கள். ஏறத்தாழ 1,000 லீற்றர். மேலே சொன்ன 700 லீற்றரை இறைக்க 42 நிமிடம். அந்தப் பம்ப் இழுப்பது 2.5 அம்பியர் அளவில், ஆகவே முழு இரவு மழைக்கும் 2 அம்பியர்-மணி கூடச் செலவாகாது. 70 அம்பியர்-மணி பற்றரியில் பாதியைப் பாவித்தாலே பம்ப் இடைவிடாமல் 14 மணித்தியாலம் ஓடும்.

இந்தக் கணக்கின் பயன் இரண்டு. மூன்று நாள் கரண்ட் போனாலும் படகு தாழாது. பெரிய சார்ஜரும் தேவையில்லை. 4 அல்லது 5 அம்பியர் போதும். சின்ன சார்ஜர் என்றால் மெல்லிய வயர், சின்னப் பியூஸ், குறைந்த சூடு.

சார்ஜரைத் தெரிவு செய்வது

மூன்று கட்டமாகச் சார்ஜ் செய்து, நிறைந்ததும் தானாக வோல்ற்றைக் குறைக்கும் வகை வேண்டும். ஏற்றும்போது 14.4 வோல்ற் வரை போய், நிறைந்தபின் 13.2 முதல் 13.6 வரையில் நிற்கவேண்டும். உடலில் சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. அப்படியானதையே வாங்குங்கள்.

தவிர்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, கராஜுகளில் இருக்கும் பழைய ட்ரான்ஸ்போமர் சார்ஜர். முள்ளு ஆடும் மீற்றர் இருக்கும், நிறுத்தும் புத்தி இருக்காது. ஒரு இரவுக்கு நல்லது. ஒரு மாதம் விட்டால் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தகட்டைக் காயவிடும். மற்றது, சிசிரிவி கமராவுக்கு விற்கும் 12 வோல்ற் பவர் சப்ளை. நிறைந்த பற்றரியே 12.7 வோல்ற்றில் இருக்கும்போது 12 வோல்ற் அதற்குள் எப்படிப் போகும்? விளக்கு எரிவதைப் பார்த்துச் சார்ஜ் ஏறுவதாக நம்பி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பற்றரியில் கொளுவி ஓடவிட்டு, சுவர்ச் சுவிட்சை 5 நிமிடம் நிறுத்தி, மறுபடி போடுங்கள். சில சார்ஜர்கள் கரண்ட் திரும்பி வந்ததும் தானாகத் தொடரும். சில, யாராவது பொத்தானை அமத்தும்வரை சும்மா சிமிட்டிக்கொண்டிருக்கும். அடிக்கடி கரண்ட் போகும் காலத்தில் இரண்டாவது வகை ஒரு சதத்துக்கும் உதவாது. கடையில் வைத்தே செய்துபார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

வாடிப் பக்கம்

வாடிக்குச் சொந்த மீற்றர் இல்லாவிட்டால், மீற்றர் உள்ள பக்கத்து வீட்டிலிருந்து அவர்களின் சம்மதத்தோடு, அவர்களின் ட்ரிப் சுவிட்சுக்குப் (கரண்ட் ஒழுகினால் தானாக விழும் சுவிட்ச்) பிறகு வரும் பிளக்கிலிருந்துதான் எடுக்கவேண்டும். தூணில் கொக்கி போடுவது குற்றம் என்பது ஒரு புறம். அந்த வழியில் ட்ரிப் சுவிட்சே இல்லை என்பதுதான் ஆளைக் கொல்லும்.

எங்கள் நாட்டு வீடுகளில் எர்த் என்பது வளவில் அடித்த கம்பிதான். காய்ந்த கடற்கரை மணலில் அந்தக் கம்பியின் தடை மிகவும் கூடும். அதனால் ஒழுக்கு வந்தாலும் பிரேக்கர் விழும் அளவுக்குக் கரண்ட் ஓடாது. உயிரைக் காப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. ஆனாலும் கம்பியை ஈரமணல் வரும் ஆழம் வரைக்கும் அடியுங்கள். மேல் மணலில் நிற்கும் கம்பி பேருக்குத்தான் எர்த்.

மல்ரிமீற்றரை ஏசி 750 வோல்ற்றில் வைத்து பிளக் துளைகளை அளவுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் இருக்கவேண்டும். லைன் கடைசியில் உள்ள கிராமங்களில் மாலை நேரம் 200க்கு இறங்குவதும் உண்டு, 100 முதல் 240 வரை என்று எழுதிய சார்ஜருக்கு அது பரவாயில்லை. லைனுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது. லைன்–எர்த் 80, 110 என்று ஆடினால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. வயரிங் செய்பவரைக் கூப்பிடாமல் மேலே போகாதீர்கள்.

பழைய வாடிகளில் 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக், புதிய சார்ஜரில் 13 அம்பியர் சதுரப் பின். இடையில் போடும் மலிவான அடப்டர்களில் பலவற்றுக்கு எர்த் தொடர்பே இல்லை. பின் தளர்ந்து பொறி பறந்து கருகுவதும் அவைதான். சொக்கற்றையே மாற்றிவிடுங்கள்.

சார்ஜரைத் தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், வெள்ளம் ஏறாத இடத்தில், பலகையில் பூட்டுங்கள். மேலே கூரை, கீழே காற்றோட்டம். முழுக்க மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போட்டால் சூட்டில் சாகும். துவாரங்களுக்குக் கொசுவலை ஒட்டுங்கள். இது அலங்காரத்துக்கல்ல: மழைக்காலத்தில் இளஞ்சூடாக இருக்கும் ஒரே இடம் அந்தச் சார்ஜர் என்பதால் பல்லி உள்ளே போய்ப் படுக்கும். ஒரு நாள் இரண்டு முனைக்கு நடுவில் படுக்கும். பிறகு பல்லியும் இல்லை, சார்ஜரும் இல்லை.

வாடியிலிருந்து படகுக்கு

கடையில் வயர் கேட்கும்போது 7/0.67 என்றால் 2.5 சதுர மி.மீ., 7/0.85 என்றால் 4, 7/1.04 என்றால் 6. வாடிக்கும் படகுக்கும் 20 மீற்றர் தூரம் என்றால் போக வர 40 மீற்றர் செம்பு. 5 அம்பியர் ஓடும்போது 7/0.67 வயரில் 1.4 வோல்ற் வழியிலேயே போய்விடும், 7/0.85இல் 0.9; 7/1.04இல் 0.6. பற்றரி நிறைந்து 0.2 அம்பியருக்கு இறங்கியதும் இந்த இழப்பு எதிலும் 0.06 வோல்ற்றுக்கு மேல் வராது. ஆகவே மெல்லிய வயரிலும் கடைசியில் நிறையும்தான். ஆனால் சார்ஜர் தன் முனையில் 14.4ஐப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நினைத்து முன்கூட்டியே இறங்கிவிடலாம், அல்லது நேரம் முடிந்து பிழை காட்டலாம். 20 மீற்றருக்கு 7/0.85 நியாயமான நடு. 10 மீற்றருக்குள் என்றால் 7/0.67 தாராளம்.

வெளியே செம்பு நிறமும் உள்ளே அலுமினியமும் உள்ள வயர்கள் விலை குறைவாகக் கிடைக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். உப்புக் காற்றில் அது ஒரு மாரியைத் தாங்காது, உள்ளுக்குள் பொடியாகிவிடும்.

வயரை 20 மி.மீ. பிவிசி குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். மணலுக்குள் தாழ்ப்பதைவிடப் பனங்குற்றிகளில் தலைக்கு மேலே கட்டுவது நல்லது. கரையில் படகு இழுக்க வரும் உழவு இயந்திரத்தின் சில்லுக்கு மணலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. குழாய் இல்லாவிட்டால் எலியும் விடாது.

பியூஸ் எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. சார்ஜர் பக்கம் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வயர் நடுவில் அறுந்து ஒன்றோடொன்று முட்டினால் 5 அம்பியர் சார்ஜரால் வயரை எரிக்க முடியாது. பற்றரியால் முடியும்; அதிலிருந்து நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். ஆகவே 10 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். பம்புக்குப் போகும் வயருக்குத் தனியாக, பம்பின் பெட்டியில் சொன்ன அளவில் இன்னொன்று.

படகின் விளிம்பில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், இழுத்தால் கழன்றுவரும் இரண்டு முனைப் பிளக் ஒன்றைப் பூட்டுங்கள். அண்டர்சன் வகை மிகப் பொருத்தம்: ஆண், பெண் என்ற பேதமில்லை, முனைகள் உள்ளுக்குள் மறைந்திருக்கும். இந்த இடத்தில் இரண்டு பக்க வயரிலும் கரண்ட் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள், ஒன்றில் சார்ஜர், மற்றதில் பற்றரி. முதலைக் கவ்வியைக் கொளுவிவிட்டுப் போகிறவர்கள் அதை நினைப்பதில்லை. பிளக்குக்கு முன்னால் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப்போகும், பிளக்குக்குள் வராது.

களப்பில் மிதக்கும் படகுக்கு வயர் தாராளமாகத் தொங்கவேண்டும். வட்டுவாகலிலோ நாயாற்றிலோ முகத்துவாரம் வெட்டும்வரை தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். வெட்டியதும் மளமளவென்று இறங்கும். இறுக்கிக் கட்டிய வயர் அன்றைக்கு அறும், இல்லாவிட்டால் படகைச் சாய்த்துப் பிடிக்கும். கயிறு வயரைவிடக் குறுகியதாக இருக்கட்டும். இழுவை எப்போதும் கயிற்றில்தான் விழவேண்டும்.

முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிடும். வளைய முனையை நசுக்கிப் பூட்டி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயைச் சூடாக்கி மூடுங்கள். நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக வயர் வாங்குவது அதைவிடச் சுலபம்.

படகுக்குள்

ஜீபிஎஸ், மீன் காட்டும் கருவி, விஎச்எப் செற் மூன்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். களவுக்குப் பயந்து மட்டுமல்ல. நிறுத்தியபின்னும் 20 மில்லி அம்பியர் இழுக்கும் ஒரு கருவி 30 நாளில் 14 அம்பியர்-மணியைக் குடித்துவிடும்.

மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பம்பும் மிதவை சுவிட்சும் மட்டும் மெயின் சுவிட்சைச் சுற்றி நேரே பற்றரிக்கு, தன் பியூஸோடு. மிதவை சுவிட்சைக் கையால் உயர்த்தி பம்ப் ஓடுகிறதா பாருங்கள். பிறகு பத்து லீற்றர் தண்ணீர் ஊற்றித் தானாக ஓடி, தானாக நிற்கிறதா பாருங்கள். வலைத்துண்டும் தங்கூசியும் மிதவைக்கு அடியில் சிக்கினால் பம்ப் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். படகைக் கட்டும் முன் அடியைத் துப்புரவாக்குவது இதற்காகத்தான்.

பற்றரியை மூடி உள்ள, ஆனால் மேலே காற்றுத் துவாரம் உள்ள பெட்டியில் வைத்து, பட்டியால் கட்டுங்கள். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கும். பெற்றோல் தாங்கி அதே மூலையில் இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், கேள்வியே இல்லை.

தகடு மூடும் அளவுக்குப் பற்றரித் தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வன்னிக் கிணறுகளில் சுண்ணாம்பு கூட, கேத்தல் அடியில் படிகிற அதே வெள்ளைதான் தகட்டிலும் படியும். முனையில் பச்சை பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, காயவிட்டு, பூட்டியபின் வாஸ்லின் பூசுங்கள்.

கொளுவும் ஒழுங்கு: சுவர்ச் சுவிட்ச் நிறுத்தியிருக்கும்போது படகுப் பிளக்கைப் பூட்டி, சிவப்பு நேருக்கும் கறுப்பு மறைக்கும் வந்திருக்கிறதா என்று மீற்றரால் பார்த்து, கடைசியில் சுவர்ச் சுவிட்ச். கழற்றும்போது சுவர்ச் சுவிட்ச்தான் முதலில்.

ஒரு நாள் கழித்து அளவுங்கள்

சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு, பற்றரி முனையில் 13.2 முதல் 13.8 வரை இருந்தால் சரி. இன்னும் 14.4 காட்டினால் சார்ஜர் இறங்கவில்லை. பற்றரி ஒரு பக்கம் சூடாக இருந்தால் உள்ளே ஒரு அறை செத்திருக்கிறது, அந்தப் பற்றரியை இனிச் சார்ஜரில் விடவேண்டாம். 12.8க்குக் கீழே என்றால் கரண்ட் வந்து சேரவில்லை: பியூஸ், பிளக், அறுந்த வயர் என்ற ஒழுங்கில் தேடுங்கள்.

சார்ஜரைக் கழற்றி ஒரு இரவு விட்டு அளந்தால் 12.7 நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேற் இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜராலும் முழுக்க மீட்கமுடியாது.

கிழமைக்கு ஒருமுறை சார்ஜரின் விளக்கைப் பாருங்கள், மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்துங்கள். உப்புக் காற்றில் அதன் விசை இறுகிப்போகும். அமத்தியும் விழாத ட்ரிப் சுவிட்ச் வெறும் பிளாஸ்ரிக். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கமுன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் மின்னலுக்குப் போதாது. பம்ப் பற்றரியில் ஓடும், பயமில்லை.

230 தேவையே என்றால்

உள்ளிணைப்பு இயந்திரப் படகில் சார்ஜர் நிரந்தரமாகப் பூட்டியிருந்தால் 230 உள்ளே போகத்தான் வேண்டும். அப்போது ட்ரிப் சுவிட்ச் கரைப் பக்கத்தில், வயருக்கு முன்னால் இருக்கவேண்டும். மூன்று இழை றப்பர் வயர், 2.5 சதுர மி.மீ., நடுவில் இணைப்பு இல்லாமல். சுருளாக விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள். சுருளின் நடுவில் சூடேறி உருகும். வெளியிடத்துக்கான நீல நிற 16 அம்பியர் கைத்தொழில் பிளக் பூட்டுங்கள். இரண்டு முனையிலும் ஆண் பிளக் உள்ள வயர் செய்து வைத்திருந்தால் இன்றைக்கே வெட்டி எறியுங்கள்.

எர்த் வயர் படகுக்குள் போனதும், ஒரே இறங்குதுறையில் எர்த்தோடு கட்டியிருக்கும் படகுகளெல்லாம் ஒரு பெரிய பற்றரியாகிவிடும். உங்கள் படகின் உலோகத்தைக் காக்கப் பூட்டியிருக்கும் நாக (சிங்க்) கட்டி மற்றவர்களின் உலோகத்துக்காகக் கரையும்; அது முடிந்ததும் காற்றாடி (புரொப்பெல்லர்), தண்டு என்று போகும். அதற்கு எர்த் வயரில், இந்த அரிக்கும் சிறு கரண்டைத் தடுக்கும் கல்வானிக் ஐசோலேற்றர் போடவேண்டும். எர்த் வயரை வெட்டிவிடுவது தீர்வல்ல. வாடிச் சுவரில் இரட்டைக் காப்புச் சார்ஜர் வைத்து 12 வோல்ற் மட்டும் அனுப்பினால் இந்தப் பிரச்சினையே எழாது.

கரண்டே எட்டாத இடத்துக்கு 20 வாற் சூரியத் தகடும் சின்னக் கட்டுப்படுத்தியும் போதும். வாடைக்கால மேக மூட்டத்திலும் நாளுக்குச் சில அம்பியர்-மணி வரும். மேலே பார்த்த பம்ப் கணக்குக்கு அது காணும்.

மாசியில் படகைக் கடலில் இறக்கப்போகும்போது, வயரைக் கழற்றி நல்ல தண்ணீரால் துடைத்து, காயவைத்துச் சுற்றுங்கள். முதல் நாளே சார்ஜரை நிறுத்தி, இரவு விட்டு, காலையில் பம்பையும் விளக்குகளையும் பத்து நிமிடம் ஓடவிட்டபடி பற்றரியை அளவுங்கள். 12.2க்குக் கீழே விழுந்தால் அந்தப் பற்றரியை நம்பி இரவுத் தொழிலுக்குப் போகாதீர்கள்.